கை நீட்டியவள் திரும்பி வருவாள்

ஜூன் 3, செவ்வாய்

ஃப்ரிட்ஜ் மறுபடியும் மக்கர். மாவு புளித்துவிட்டது. தோசையாக ஊற்றிக் கொடுத்தேன். மகள் லோசனி பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டு வேன் ஏறிவிட்டாள்.

பல்கலைக்கழகத்தில், எங்கள் உளவியல் துறையில் ஆய்வு அறை ஒருவழியாகத் தயார். கருப்புத் திரை, உயரமான நாற்காலி, மைக். மைக்கைத் தம்பி தாணுவின் கடையிலிருந்துதான் வாங்கி வந்தேன். கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் மைக் செட் போடுகிறவன் அவன். "உனக்கு எதுக்குக்கா மைக்கு?" என்று சிரித்தான். அவன் கால் வீங்கியிருந்தது. பார்க்காததுபோல இருந்தேன்.

பழைய கிரேக்க நாட்டில் டெல்ஃபி என்ற மலைக்கோயிலில் ஒரு பெண் முக்காலியில் உட்கார்ந்து அருள்வாக்குச் சொல்வாளாம். போருக்குப் போகலாமா என்று ராஜாக்கள் வந்து கேட்டிருக்கிறார்கள். அவள் எப்படிப் பேசினாள் என்று பலர் ஆராய்கிறார்கள். பாறை வெடிப்பிலிருந்து வந்த ஆவியா, மயக்கமா, நடிப்பா என்று சண்டை. என் கேள்வி அது இல்லை. கேட்டவன் ஏன் நம்பினான்? எந்தச் சொல் காதில் விழுந்தாலும், இதை யார் சொல்கிறார், அவருக்கு இதில் என்ன ஆதாயம் என்று நம் மனம் உடனே பார்க்கும். மைத்துனன் யோசனை சொன்னால் மைத்துனனைச் சந்தேகப்படுவோம். தன்வசம் இல்லாத ஒருத்தி சொன்னால் யாரைச் சந்தேகப்படுவது? சொல்லுக்குச் சொந்தக்காரர் இல்லாதபோதுதான் அது வாக்காகிறது. இது என் ஊகம். இரண்டு வருடமாக இதைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

மருத்துவமனையிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. வகுப்பில் இருந்ததால் எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை எனக்கு வகுப்பு கிடையாதே.

ஜூன் 5, வியாழன்

சோதனை இப்படி. வருகிறவர் மனதில் இருக்கும் ஒரு கேள்வியைச் சீட்டில் எழுதி மடித்துப் பெட்டியில் போட வேண்டும். யாரும் படிக்கப்போவதில்லை. திரைக்குப் பின்னால் பிலோமி இருப்பாள். தூத்துக்குடிப் பெண், வீதி நாடகக்காரி, குரல் ஒன்றுக்காகவே அவளைத் தேர்ந்தெடுத்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு, வேகமாக மூச்சு விட்டு, கணினி அவள் காதில் தரும் ஒரு வாக்கியத்தைச் சொல்வாள். எது வரும் என்பது குலுக்கல். ஒரு பாதிப் பேரிடம், "உங்களைப் பற்றி எல்லாம் படித்துவிட்டு யோசித்துச் சொல்கிறாள்" என்போம். மறு பாதியிடம், "அவளுக்கு உங்களையும் தெரியாது, தான் என்ன சொல்கிறோம் என்பதும் தெரியாது" என்போம். எது மனதில் தைக்கிறது என்று பிறகு கேட்போம்.

வாக்கியங்களை நானே எழுதினேன். எதற்கும் பொருந்த வேண்டும், எதற்கும் கச்சிதமாகப் பொருந்தவும் கூடாது. கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். மடமடவென்று வந்தன.

என் ஆய்வு மாணவி நஸ்ரின் தட்டச்சு செய்துகொண்டே கேட்டாள்: "மேடம், எல்லாம் ரெண்டு ரெண்டா வருதே. ரெண்டு வெளக்குல ஒண்ணு காத்துக்கு. ஜோடிக் கதவுல ஒத்தக் கதவு. பாதி குடுத்தவன் தூங்குவான். வேணும்னே எழுதினியளா?"

"தற்செயல்" என்றேன். சிலவற்றை மாற்றச் சொன்னேன். எதை மாற்றுவது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டோம்.

மாலையில் தாணுவின் மனைவி பகவதி போன் செய்தாள். டயாலிசிஸ் முடிந்து அவனை இப்போதுதான் கூட்டிக்கொண்டு வந்தாளாம். "ரிசல்ட் வந்துட்டா மதினி?"

"இன்னும் இல்லம்மா."

மருத்துவமனைப் போனை எடுக்கவில்லையே தவிர, பொய் சொல்லவில்லை.

ஜூன் 9, திங்கள்

போனேன். தவிர்க்க முடியவில்லை.

டாக்டரம்மா என்னை விட வயதில் சின்னவர். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ரத்த வகை ஒன்று, திசுப் பொருத்தமும் நன்றாக இருக்கிறதாம். தாணுவுக்கு என் சிறுநீரகம் ஒன்றைத் தாராளமாக வைக்கலாம் என்றார். தாராளமாக.

"தம்பிகிட்ட நான் இன்னும் சொல்லல. முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும். அதுதான் முறை."

அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"ஒண்ணு சொல்லிடுறேன். உங்களுக்கு மனசு இல்லைன்னா நீங்க யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம். தானம் குடுக்கத் தகுதி இல்லைன்னு நாங்க சொல்லிடுவோம். அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க. இது உங்க பாதுகாப்புக்கு."

"அப்ப அது பொய்தானே?"

"மனசு தயாரா இல்லைன்னா அதுவும் தகுதி இல்லாததுதான்."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். திரும்பும் வழியில் உழவர் சந்தையில் கத்தரிக்காயும் சீனி அவரையும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கத்தரிக்காய்ப் பை மட்டும்தான் கையில் இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

யாரோ சொன்னார்கள், செய்தேன் என்று இருந்துவிடலாம். டெல்ஃபிக்குப் போனவர்களுக்கு எவ்வளவு வசதி.

ஜூன் 14, சனி

இன்று முதல் சுற்று. கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். அருள்வாக்கு என்று யாரோ வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். இது ஆராய்ச்சி என்று வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் விளக்கி, கையெழுத்து வாங்கி உள்ளே அனுப்புவதற்குள் நஸ்ரினுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஊகம் சரியாகத்தான் போகிறது. "யோசித்துச் சொல்கிறாள்" என்று கேட்டவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அவளுக்கு என்ன தெரியும், பொதுவாகச் சொல்கிறாள் என்றார்கள். "அவளுக்கே தெரியாது" என்று கேட்டவர்கள் முகம் வெளிறி வெளியே வந்தார்கள். அதே வாக்கியங்கள்தான்.

ஒருவர் கல்யாண மண்டப மேனேஜர். 'பூட்டியது பூட்டியபடி இருக்கட்டும்' என்று அவருக்கு வந்தது. முடிந்ததும் எல்லோருக்கும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. சொன்னேன்: சார், கணினி குலுக்கிப் போட்டது, எழுதினது நான்.

"சரிம்மா. இத்தன இருக்கச்ச எனக்கு ஏன் அது விழுந்துச்சு?"

"குலுக்கல் சார். காரணம் கிடையாது."

"காரணம் இல்லாமத்தான் விழுந்துச்சுங்கேன் நானும்" என்று சொல்லி, கைகூப்பிவிட்டுப் போனார்.

அவர் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. எதைப் பூட்டியபடியே விட்டுவிடப் போகிறார் என்றும் தெரியாது. வாக்கியம் என்னுடையது. அதை எழுதும்போது எந்தக் கதவை நினைத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

ஜூன் 18, புதன்

என் கணவர் குமரகுருவிடம் பொருத்தம் விஷயத்தைச் சொன்னேன். மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறுகிற ஆட்களை மேய்க்கிற வேலை அவருக்கு. ஆபத்தைப் பற்றிப் பேசினால் சத்தம் போட மாட்டார், குரல் தாழ்ந்துவிடும்.

"நான் வேண்டாம்னு சொல்லல வடிவு. யோசின்னுதான் சொல்லுதேன்."

"யோசிச்சுட்டுத்தான் இருக்கேன்."

"நமக்கு ஒரு பிள்ள இருக்கு. அவ்வளவுதான்."

"தாணுவும் எனக்குப் பிள்ள மாதிரிதான். அம்மா போனப்ப அவன் ஏழாங்கிளாஸ்."

"தெரியும். அதனாலதான் நான் வேண்டாம்னு சொல்லல."

இதையே இரண்டு முறை சுற்றினோம். பிறகு அவர் ஃப்ரிட்ஜைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் சொல்வதில் அவருடைய பயம் தெரிகிறது. பகவதி பேசினால் பகவதியின் பயம் தெரிகிறது. எல்லார் பயத்தையும் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்த்தால் என்னுடையது மட்டும் எங்கே போனது என்று புரியவில்லை.

இணையத்தில் படித்தேன், ஒற்றைச் சிறுநீரகத்தோடு பெரும்பாலோர் நன்றாக வாழ்கிறார்களாம். பெரும்பாலோர் என்ற சொல்லைக் கையாளத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இன்று அது உதவவில்லை.

ஜூன் 20, வெள்ளி

கருவியைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. பங்கேற்பவரின் இடத்திலிருந்து குரல் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க நானே நாற்காலியில் உட்கார்ந்தேன். அதற்காக மட்டும்தான். முறைப்படி செய்ய வேண்டும் என்பதால் சீட்டும் எழுதினேன்.

திரைக்குப் பின்னால் மூச்சு வேகமாகியது. எனக்குத் தெரிந்த மூச்சு, நான் சொல்லிக் கொடுத்த மூச்சு. ஆனாலும் பிலோமியின் குரல் எங்கிருந்தோ வந்ததுபோல இருந்தது.

"கை நீட்டியவள் திரும்பி வருவாள்."

என் வாக்கியம். நான் எழுதியது. ஆபரேஷனுக்குப் போனவள் பிழைத்துத் திரும்பி வருவாள் என்பதா? கொடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டு திரும்பிவிடுவாள் என்பதா? ஒரு ராஜாவிடம், நீ படையெடுத்தால் பெரிய சாம்ராஜ்யம் ஒன்று அழியும் என்று டெல்ஃபியில் சொன்னார்களாம். எதிரியுடையது என்று நினைத்துப் போனான். அழிந்தது அவனுடையது. வருடா வருடம் மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன்.

"குரல் தெளிவா இருக்கு" என்று நஸ்ரினிடம் சொன்னேன். சீட்டைப் பெட்டியில் போடாமல் வாயில் போட்டு மென்றிருக்கிறேன். காகிதம் பல்லில் ஒட்டிய பிறகுதான் தெரிந்தது.

ஜூன் 23, திங்கள்

நஸ்ரின் கணினிப் பதிவைக் கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை பிலோமியின் காதில் கணினி சொன்னது வேறு வாக்கியம். 'மழைக்கு முன்னால் ஓட்டைப் பார்.' அதற்குப் பதிலாக அவள் மற்றதைச் சொல்லியிருக்கிறாள்.

பிலோமியைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போனேன். வடையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

"யாராவது உன்கிட்ட என்னைப் பத்திச் சொன்னாங்களா?"

"இல்ல மேடம்."

"நாற்காலியில இருந்தது நான்னு தெரியுமா உனக்கு?"

"செருப்புச் சத்தத்துலேயே தெரிஞ்சிச்சி. நீங்க காலத் தேச்சித்தான் நடப்பீங்க."

"அப்ப எனக்குன்னு எடுத்துச் சொன்னியா?"

"தெரியல மேடம். வாயத் தொறந்தேன், அது வந்திச்சி. காதுல விழுந்தது எனக்கு ஞாபகமே இல்ல. மேடையிலயும் சில நேரம் இப்படி ஆகும். ஆனா அங்க நான்தான் பேசுறேன்னு தெரியும். இங்க கொஞ்ச நாளா அது தெரிய மாட்டேங்குது. பயமாருக்கு. நான் நிறுத்திக்கிடட்டுமா?"

விளக்கம் என்னிடம் இருக்கிறது. மூச்சு வேகமானால் தலை லேசாகும். நாம் செய்யும் காரியத்தை நாம்தான் செய்கிறோம் என்ற உணர்வு மனம் தனியாகத் தயாரித்து ஒட்டுவது, சில வேளை ஒட்டாமல் போகும். அதையெல்லாம் அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள். அழுதாள். சோதனையை நிறுத்திவிட்டேன்.

அவள் எதற்காக அதைத் தேர்ந்தாள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தேர்ந்தாளா என்பதும்.

ஜூன் 25, புதன்

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். தகுதி இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்றேன். சரி என்றார். ஏன் என்று கேட்கவே இல்லை.

லோசனிக்கு ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்கினேன்.

ஜூன் 28, சனி

பகவதி போனில் அழுதாள். "ஆசுவத்திரியில சொல்லிட்டாவ மதினி. உங்களுக்குக் குடுக்கத் தகுதி இல்லையாம். உங்களுக்கு ஒடம்புக்கு என்ன? பெருசா ஒண்ணும் இல்லையே?"

அவளுக்கு என் உடம்பைப் பற்றிக் கவலை.

தாணு ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தான். பின்னால் யாரோ ஸ்பீக்கரில் ஹலோ ஹலோ என்று சோதிக்கிற சத்தம். "எக்கா, ஒண்ணும் நெனக்காத. நல்லதாப் போச்சுன்னு வையி. நிம்மதியா இரி."

ஒரு கேள்வி கேட்கவில்லை. எந்த டாக்டர், என்ன காரணம், வேறு இடத்தில் பார்க்கலாமா, எதுவும் கேட்கவில்லை. என் சோதனையில் வந்தவர்கள் இவ்வளவு முழுசாக நம்பியதில்லை.

குமரகுரு என் அருகில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு உண்மை தெரியும். நிம்மதி வரும் என்று இருவரும் காத்திருந்தோம்.

ஜூலை 2, புதன்

நிம்மதி வரவில்லை. ஃப்ரிட்ஜ் ஓடுகிறது.

ஜூலை 5, சனி

தாணுவின் கடைக்குப் போனேன். டவுனில் மேல ரத வீதியைத் தாண்டிய சந்து. ஆடிக் கொடைக்கு என்று கூம்பு ஸ்பீக்கர்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். முகம் கருத்து உப்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அதில் ஒன்றும் வரவில்லை.

"தாணு, பொருந்துதுலே."

"என்னது?"

"கிட்னி. நல்லாப் பொருந்துதாம். ஆசுபத்திரியில சொன்னது நான் சொல்லச் சொன்னது."

ஸ்பீக்கர் ஒன்றின் ஒயரை உரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்தவில்லை. உரித்து முடித்து, முறுக்கி, டேப் சுற்றினான். பிறகுதான் நிமிர்ந்தான்.

"இப்ப எதுக்கு வந்து சொல்லுத?"

"தெரியல."

"இல்லன்னு சொன்னதும் நான் என்ன நெனச்சேன் தெரியுமா? சாமி உன்னியக் காப்பாத்திட்டுன்னு நெனச்சேன். பகவதிகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். ஆசைய அன்னைக்கே வழிச்சுப் போட்டுட்டேன். இப்ப மறுபடியும் கெளப்புதியே எக்கா." டேப் சுருளைக் கீழே வைத்தான். "நான் கேக்கவே இல்லையே உன்கிட்ட. ஒரு வார்த்த கேட்டனா?"

"கேக்கல."

"பெறவு என்ன, குடுக்கேன்னு சொல்லவா வந்த?"

"அதுவும் இல்ல. குடுக்கேன்னும் வரல, மாட்டேன்னும் வரல. எனக்குப் பயமா இருக்கு. செத்துருவேனோன்னு இருக்கு. லோசனிய நெனச்சாலும் பயம். உன் கால நெனச்சாலும் பயம். ஒரு மாசமா ஒண்ணும் வெளங்கல."

சந்தில் ஒரு பைக் போனது. அவன் எழுந்து போய் இரண்டு டீ சொன்னான். சிறுநீர் நின்று மாதங்களாகிறது, தண்ணீர்கூட அளந்துதான் அவன் குடிக்க வேண்டும்; தனக்கு வந்த டீயில் ஒரு வாய் குடித்துவிட்டு எனக்கே தள்ளினான்.

"சரி, பயப்படு. எனக்கும்தான் பயமாருக்கு. ஆனா எனக்குத் தெரிஞ்சு பயப்படு. ஒளிஞ்சிகிட்டுப் பயப்படாத" என்றான்.

இரண்டு டீயையும் குடித்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

நேற்று அவனிடம் சொன்னதில் எதையும் முன்கூட்டி யோசிக்கவில்லை. வாயைத் திறந்தேன், வந்தது. ஆனால் பேசியது நான்தான் என்று நன்றாகத் தெரிந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எழுத உட்கார்ந்தேன். கட்டுரை இரண்டு பத்திக்கு மேல் நகரவில்லை.

ஜூலை 17, வியாழன்

டாக்டரம்மாவிடம் போய், கொடுக்கிறேன், மறுபடியும் பாருங்கள் என்றேன். இந்த முறை அவர் ஏன் என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை. மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அவரும் கேட்டார். அவரிடமும் சொல்லத் தெரியவில்லை. முடிவு மாறினால் கடைசி நிமிடம் வரை எழுந்து போகலாம் என்றார்கள். போய்விடுவேனோ என்று எனக்கே சந்தேகம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

உறுப்பு தான அனுமதிக் குழு. நீண்ட மேசை, அதற்குப் பின்னால் ஐந்தாறு பேர். எல்லாவற்றையும் வீடியோ எடுக்கிறார்கள். கட்டாயம் இருக்கிறதா, பணம் கைமாறியதா என்றெல்லாம் கேட்டார்கள். பிறகு குமரகுருவைக் கேட்டார்கள், சம்மதமா என்று.

"பயமா இருக்கு சார்" என்றார். குழுவில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். "சம்மதம்தான். பயமும் இருக்கு. ரெண்டும் இருக்கு."

கடைசியாக என் பக்கம் திரும்பினார்கள். தலைவர் வயதானவர், மெதுவாகப் பேசினார். "நீங்க முதல்ல வேண்டாம்னு சொன்னதா இருக்கு. இப்ப ஏன் மாத்திக்கிட்டீங்க? யார் சொன்னாங்க?"

என்னிடம் எத்தனையோ விடைகள் இருந்தன. அம்மா இறந்தபோது அவன் ஏழாம் வகுப்பு. பிலோமி சொன்ன வாக்கு. அந்த டீ. எதைச் சொன்னாலும் அது அரைகுறையாகத்தான் இருக்கும்.

"யாரும் சொல்லல சார். ஏன்னு எனக்கே சரியாத் தெரியல. ஆனா நான்தான் சொல்றேன்."

அவர் எழுதிக்கொண்டார்.

செப்டம்பர் 6, சனி

படுத்தபடியே எழுதுகிறேன், எழுத்து கோணல். நேற்று முன்தினம் ஆபரேஷன். என்னைத்தான் முதலில் உள்ளே கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியில் படுத்தபடி எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே பெயரைக் கேட்டார்கள். சங்கரவடிவு என்றேன். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

விழித்தபோது இடுப்பில் யாரோ செங்கல்லை வைத்துத் தைத்ததுபோல இருந்தது. தண்ணீர் தரவில்லை. உதட்டைப் பஞ்சால் நனைத்தார்கள். தாணு வேறு தளத்தில், கண்ணாடி அறைக்குள். அவனைப் பற்றிக் கேட்டால் எல்லோரும், பார்க்கலாம் பார்க்கலாம் என்றார்கள்.

குமரகுரு பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. எடுத்து என் காதில் வைத்தார். பகவதி. வராந்தாவில் நின்று கத்துகிறாள் என்று தெரிந்தது, பின்னால் யாரோ அதட்டுகிறார்கள்.

"மதினி! வந்துட்டு மதினி! ஒண்ணுக்கு வந்துட்டு! எத்தன மாசம் கழிச்சி! பையி நெறையப் போகுதாம், நர்சம்மா காமிச்சாவ, மஞ்சளா, தெளிவா..."

சிரித்துவிட்டேன். தையல் அத்தனையும் ஒன்றாக இழுத்தது. சிரிக்கக் கூடாது, பிரிந்துவிடும் என்று நர்ஸ் ஓடி வந்து திட்டினார். நிறுத்த முடியவில்லை, கண்ணீராகக் கொட்டுகிறது, வலி உயிர் போகிறது.

"என்னாச்சு, என்னாச்சு வடிவு?" குமரகுருவுக்கு முகம் வெளிறிவிட்டது. எனக்குப் பேச வரவில்லை. போனைச் சுட்டிக் காட்டினேன்.

அவர் அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். கேட்டார். அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார்.